பெசன்ட் நகர் கடற்கரை பக்கம் புதுசா குடி வந்திருக்கோம், கரையில இருக்குற ஆளுங்கள பத்தி கொஞ்சம் சொல்லுங்க

நொய்யல்காரி:

எல்லாருக்கும் வணக்கமுங்க. நாங்க கோயமுத்தூர் பக்கம், வீட்டுக்காரருக்கு மாத்தலாகி பெசன்ட் நகர்ல பீச்சுக்கு நடந்தே போற தூரத்துல வீடு எடுத்திருக்கோம். இதுவரைக்கும் கடல்னா எங்களுக்கு லீவுல வந்து கால் நனைச்சு போட்டோ எடுத்துட்டு போற இடம், அவ்வளவுதானுங்க. இப்ப தினமும் காலைல நடக்க போறேன், போனா அங்க ஒரு ஊரே வேலை பாத்துட்டு இருக்குது.

ஊரூர் குப்பம் பக்கமா நடந்தா ஒரு பெரியவர் படகு நிழல்ல கால நீட்டி உக்காந்து வலைய கட்டை விரல்ல மாட்டி இழுத்து புடிச்சு கிழிசல பின்னிட்டே இருக்காரு, தலைய நிமித்துறதே இல்ல ஆனா யார் போனாலும் யாருன்னு அவருக்கு தெரியுது. இன்னொருத்தர் தண்ணி ஓரமா நின்னு கடலையே பாத்துட்டு இருப்பாரு, திடீர்னு திரும்பி என்னமோ சொல்வாரு, உடனே நாலு பசங்க படக தள்ளுவாங்க, சில நாள் அவர் ஒண்ணுமே சொல்லாம வீட்டுக்கு போயிடுவாரு அன்னிக்கு ஒரு படகும் போகாது. மீன் வெச்சிருக்குற ஒரு ஆயா குரல் கோயில் வரைக்கும் கேக்கும். சாயங்காலம் போனா ஆளுங்களே வேற, பலூன் சுடுறவங்க, கிளி ஜோசியர், சுண்டல் பசங்க.

இவங்கள எல்லாம் தெரிஞ்சுக்கணும்னு ஆசையா இருக்குதுங்க, ஆனா எப்படி பேச்சு குடுக்குறதுன்னு தெரியல, வேலைக்கு நடுவுல போயி தொந்தரவு பண்ற மாதிரி ஆயிடுமோன்னு தயக்கம். மீன் எப்ப போயி எப்படி வாங்கணும், பசங்கள தண்ணில விடலாமா, இதையும் சொல்லுங்க. மாமியார் அந்த வெள்ளை வளைவு கட்டடம் யாருக்கு கட்டுனதுன்னு தினமும் கேக்குறாங்க, அதையும் தெரிஞ்சவங்க சொன்னா புண்ணியமா போகும்.

சாஸ்திரிநகர் வாசு:

வாங்கம்மா. நான் பொறந்து வளந்ததே இந்த பக்கம்தான், உங்க கேள்விய பாத்ததும் எழுதாம இருக்க முடியல, ஏன்னா இங்கயே பல வருஷமா இருக்குற நெறைய பேருக்கு கூட இந்த கரையில காலைல என்ன நடக்குதுன்னு தெரியாது, சாயங்காலம் பஜ்ஜி சாப்ட்டுட்டு போறதோட சரி.

மொதல்ல மாமியார் கேள்வி. அது காய் ஷ்மிட் நினைவுச் சின்னம். டென்மார்க் நாட்டு கப்பல்காரர், 1930 டிசம்பர் 30 அன்னிக்கு இங்க தண்ணில மாட்டிக்கிட்டவங்கள காப்பாத்த போயி தானே செத்துட்டாரு, அவர் நினைவா அப்போ கவர்னர் சொல்லி கட்டுனது. பசங்கள தண்ணில விடலாமான்னு கேட்டீங்க பாருங்க, அதுக்கும் பாதி பதில் அந்த கல்லுலயே இருக்கு. இந்த கடல் பாக்க சாதுவா இருக்கும், இழுத்தா பலமா இழுக்கும். கணுக்கால் தண்ணிக்கு மேல விடாதீங்க, மிச்சத்த குப்பத்து ஆளுங்க யாராவது வந்து சொல்வாங்க, அவங்க சொல்றதுதான் சரியா இருக்கும்.

இப்போ காலை நேரம். நீங்க ஆறரைக்கு மேல போறீங்கன்னு நினைக்கிறேன். ஒரு நாள் அஞ்சு மணிக்கு போங்க. இருட்டுல போன படகெல்லாம் ஒவ்வொண்ணா திரும்ப ஆரம்பிக்கும், அலை ஏறி கரைக்கு வர்ற அந்த கடைசி நிமிஷம் பாக்கணும் நீங்க, இஞ்சின தூக்கிட்டு சரியான அலை வர்ற வரைக்கும் காத்திருந்து அது முதுகுலயே ஏறி சர்ர்னு மணல்ல வந்து ஏத்துவாங்க, ஒரு அலை முன்ன பின்ன ஆனாலும் படகு கவுந்துரும். முந்தி எல்லாம் கட்டுமரம். 2004 சுனாமிக்கு அப்பறம் நிவாரணமா வந்த ஃபைபர் படகுங்கதான் இப்ப கரை முழுக்க.

படகு வந்ததும் வீட்டு பொம்பளைங்க எல்லாம் வந்துருவாங்க. நண்டு வலை வந்த நாள்னா குடும்பமே சுத்தி உக்காந்துரும். வலையில நண்டு ரெண்டு கொடுக்கையும் எட்டு காலையும் நூலோட நூலா பின்னி வெச்சிருக்கும், அத ஒரு கால் கூட ஒடியாம எடுக்கணும், ஒடிஞ்சா வெலை எறங்கிரும். ஒரு பாட்டி எடுக்குறத பாத்தேன், மொதல்ல கொடுக்க ரெண்டு விரலால அமுக்கி புடிச்சுக்கிட்டு பின்னங்கால்லேர்ந்து நூல ஒவ்வொண்ணா கழட்டி கடைசியா கொடுக்க விடுவாங்க, பேசிக்கிட்டே செய்வாங்க, கண்ணு வலையிலயே இருக்காது. பக்கத்துல பேத்தி ஸ்கூல் யூனிஃபார்ம் போட்டுட்டு அதே மாதிரி எடுத்துட்டு இருந்துச்சு, அப்பறம் கை கழுவிட்டு பைய எடுத்துட்டு ஓடுச்சு.

மீன் வாங்குறது: செவுள தூக்கி பாருங்க செவப்பா இருக்கணும், கண்ணு பளிச்சுன்னு வெளிய துருத்திட்டு இருக்கணும் குழிவிழுந்திருக்க கூடாது, விரலால அமுக்குனா அமுங்குன எடம் திரும்பி எழும்பணும். மொதல்லயே வஞ்சிரம் வவ்வால்னு போகாதீங்க, கரையில அன்னிக்கு என்ன நெறைய வந்திருக்கோ அதுதான் அன்னிக்கு நல்ல மீன். கெழங்கா, சங்கரா, நெத்திலி, காரப்பொடி, கவலை, இதுல எது வந்தாலும் யோசிக்காம வாங்குங்க. நீங்க சொன்ன அந்த கொரல் பெருசான ஆயா யாருன்னு தெரியும், அவங்க கிட்ட பேரம் பேசலாம் ஆனா மீன கொறை சொல்லி பேரம் பேசாதீங்க, காசு கம்மியா இருக்கு ஆயா கொஞ்சம் பாத்து போடுன்னு கேட்டா ரெண்டு மீன் சேத்தே போடுவாங்க, பழசான்னு கேட்டா அன்னிக்கு உங்களுக்கு மீன் கெடையாது. கொழம்புக்கா வறுவலுக்கான்னு அவங்களே கேட்டு ஆஞ்சு, அதாவது சுத்தம் பண்ணி வெட்டி, குடுக்க சொல்வாங்க, ஆயுற அம்மாவுக்கு தனியா காசு குடுக்கணும், அவங்க வேலை தனி வேலை.

சாயங்கால ஆளுங்கள பத்தி எனக்கு ரொம்ப தெரியாது, பலூன் கடைக்காரர் மட்டும் பழக்கம். தோத்த புள்ளைங்களுக்கு எல்லாம் ஒரு குண்டு சும்மா சுட குடுப்பாரு, அதுக்காகவே எங்க வீட்டு பசங்க அங்கதான் போவாங்க.

ஊரூர் பையன்:

அக்கா வணக்கம், நான் குப்பத்துலதான் கீறேன். வாசு அண்ணன் சொன்னது எல்லாமே கரெக்ட்டு. நீங்க எழுதுன அந்த தண்ணி ஓரமா நிக்குறவரு எங்க பெரிய நைனா மாதிரி ஒருத்தர், எல்லா குப்பத்துலயும் அப்டி ரெண்டு மூணு பேர் இருப்பாங்க. அவர் சும்மா வேடிக்க பாக்கல அக்கா, அங்க நெறைய பாக்குறாரு. காத்து எங்கேர்ந்து வருது, வாடையா கொண்டலா, தண்ணி வன்னியா ஓடுதா தெண்டியா ஓடுதா, அதான் கடலுக்குள்ள நீரோட்டம் எந்த பக்கம் போவுதுன்னு, தண்ணி நெறம் கலங்கலா தெளிவா, பறவை எங்க எறங்குது, அலை எத்தினி வந்து எப்போ கொஞ்சம் ஓய்வு குடுக்குது. கடல் உள்ள தண்ணி ஓடுற வேகம் ஜாஸ்தியா இருந்தா வலைய போட்டாலும் சுருட்டிக்கும், கிழிஞ்சிரும், அந்த நாள் போனா டீசல் காசு மண்ணெண்ணெய் காசு கூட வராது. அதனாலதான் அவர் ஒண்ணும் சொல்லாம வூட்டுக்கு போனா யாரும் போறதில்ல. போன்ல வானிலை ஆப்பு எல்லாரும் வெச்சிருக்கோம், பாக்குறோம், காத்து வேகம் எல்லாம் அதுல வருது, ஆனா இந்த எடத்துல இந்த நேரத்துல தண்ணி என்னா பண்ணுதுன்னு அவர்தான் சொல்லணும். எங்கப்பா மொத மொத என்னிய கடலுக்கு இட்டுனு போனப்போ ஒரு வாரம் வலையவே தொட வுடல, கரைய பாரு, எந்த மரம் எந்த கோபுரத்துக்கு நேரா வருதுன்னு பாருன்னு மட்டும்தான் சொன்னாரு. கரையில ரெண்டு அடையாளத்த ஒண்ணா சேத்து பாத்து உள்ள எங்க கீறோம்னு கண்டுபுடிக்கிறது, ஜிபிஎஸ் வந்தாலும் இன்னிக்கும் அத பாக்குறாங்க.

பசங்க குளிக்கிறது பத்தி நான் கண்டிப்பா சொல்லணும், ஒவ்வொரு வருஷமும் இந்த கரையில பொணம் தூக்குறது நாங்கதான், அதனால இத தயவு செஞ்சு முழுசா படிங்க. வெளியூர்லேர்ந்து வர்றவங்க எங்க அலை பெருசா அடிக்குதோ அங்க பயந்துனு, பக்கத்துல அலை இல்லாம அமைதியா ஒரு சந்து மாதிரி கீதே அங்க போயி எறங்குவாங்க. அந்த அமைதியா கீற எடம்தான் இழுக்குற எடம். கரைக்கு ஏறுன தண்ணி எல்லாம் அந்த வழியாதான் திரும்ப கடலுக்கு ஓடுது, அதனாலதான் அங்க அலை உடையல, தண்ணி கலங்கலா மண்ணு கலரா வேற இருக்கும். அது இன்னிக்கு இருந்த எடத்துல நாளிக்கு இருக்காது. யாராச்சும் மாட்டுனா கரைய பாத்து நேரா நீந்த கூடாது, அதுல போட்டி போட்டு எந்த பயில்வானாலயும் ஜெயிக்க முடியாது, கை ஓஞ்சுதான் முழுகுறாங்க. மெதந்துனே கரைக்கு பக்கவாட்டுல நகரணும், அலை உடையுற எடத்துக்கு வந்துட்டா அலையே தள்ளி விட்டுரும். எங்காளு யாராச்சும் அங்க போகாதன்னு கத்துனா கோச்சிக்காதீங்க, கொரல் அப்டித்தான் இருக்கும், கடல் சத்தத்துல மெதுவா பேசி பழக்கம் இல்ல.

எப்டி பேச்சு குடுக்குறதுன்னு கேட்டீங்க. வலை பின்னுறவங்க கிட்ட போயி பக்கத்துல உக்காருங்க, அவ்ளோதான். கை வேலை செய்யும் வாய் சும்மாதான் இருக்கும், அவங்களுக்கும் பேச ஆள் வேணும். மீன் எறங்கி ஏலம் போற நேரத்துல மட்டும் பேசாதீங்க, அது காசு நேரம். அப்பறம் ரெண்டு விசயம். காய போட்டுகீற வலை மேல செருப்பு காலோட நடக்காதீங்க, சுத்தி போங்க, படகு மேலயும் செருப்போட ஏற கூடாது. படகுல குந்தி போட்டோ எடுத்துக்கணும்னா கேளுங்க, கேட்டா யாரும் இல்லன்னு சொல்ல மாட்டாங்க, கேக்காம எங்க அம்மாங்க மீன் ஆயும்போது மூஞ்சிக்கு நேரா கேமரா புடிக்கிறாங்க பாருங்க அதான் மனசு கஷ்டமா கீது. எங்களுக்கு இது பீச்சு இல்லக்கா, வூட்டு வாசல்.

இன்னொண்ணு சொல்லிக்கிறேன், 2015 டிசம்பர் வெள்ளத்துல சென்னை முழுகுனப்போ குப்பம் குப்பமா எங்காளுங்க படக லாரில ஏத்தினு போயி மாடில மாட்டுனவங்கள எறக்கி வுட்டாங்க, தெருவுல படகு ஓட்டுறது கடல விட கஷ்டம், தண்ணிக்கு அடியில காரு, காம்பவுண்டு செவுரு எது எங்க கீதுன்னு தெரியாது, இஞ்சின் ஃபேன்ல ஏதாச்சும் மாட்டுனா இஞ்சின் போச்சு. துடுப்பு போட்டே போனவங்க நெறைய. அதுக்கப்பறம்தான் சுத்துப்பட்டு அபார்ட்மென்ட்டுல இருக்குறவங்க எங்களுக்கு குட்மார்னிங் சொல்ல ஆரம்பிச்சாங்க. இப்ப நல்லா பழக்கம்.

மணல்வீடு:

ஊரூர் பையன் தம்பி எழுதுனத படிச்சு ரொம்ப சந்தோஷம், அந்த இழுக்குற சந்து பத்தின பகுதிய மட்டும் தனியா எடுத்து எங்க அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டேன் தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க.

நொய்யல்காரி மேடம், நீங்க பாக்காத இன்னொரு கூட்டம் இருக்கு, ராத்திரி ஆளுங்க. ஜனவரிலேர்ந்து மார்ச் ஏப்ரல் வரைக்கும் நடுராத்திரில கரையோரமா சத்தமில்லாம நடந்து போற ஒரு கூட்டத்த பாக்கலாம். ஆமை நடை. மாணவர்களே சேர்ந்து 1988லேர்ந்து நடத்திட்டு இருக்குற கடலாமை பாதுகாப்பு அமைப்பு, நீலாங்கரையில ஆரம்பிச்சு பெசன்ட் நகர் வரைக்கும் ராத்திரி முழுக்க நடந்து, பங்குனி ஆமை முட்டை போட்ட குழிய கண்டுபுடிச்சு முட்டைய பத்திரமா எடுத்து வந்து இங்க கரையில வேலி போட்ட பொரிப்பகத்துல பொதைப்பாங்க. ஒரு ஆமை நூறு முட்டைக்கு மேலயும் போடும். சுமார் ஒன்றரை மாசம் கழிச்சு குஞ்சு வெளிய வரும். நான் காலேஜ் படிக்கும்போது சேர்ந்தேன், இப்ப என் பொண்ணு வர்றா.

குழிய கண்டுபுடிக்கிறத பத்தி சொல்றேன், அதுதான் எனக்கு இன்னிக்கும் ஆச்சரியம். மொதல்ல தண்ணிலேர்ந்து மேல ஏறுன தடம் தெரியும், ட்ராக்டர் போன மாதிரி ரெண்டு பக்கமும் துடுப்பு போட்ட தடம், இன்னொரு தடம் திரும்ப போயிருக்கும். ரெண்டுக்கும் நடுவுல மணல் கலைஞ்சு கெடக்கும் ஆனா குழி எங்கன்னு தெரியாது, ஆமை உடம்பால தட்டி மூடிட்டு போயிருக்கும். ஒரு குச்சிய மெதுவா மணல்ல எறக்கி பாப்பாங்க, கெட்டி மணல்ல நிக்கும், குழி இருக்குற எடத்துல மட்டும் தளர்வா வழுக்கிட்டு போகும், அங்க நிறுத்திட்டு கையால தோண்டணும், முட்டைல குச்சி பட்டுற கூடாது. அந்த ஒரு விஷயம் கைக்கு வர ரெண்டு மூணு சீசன் ஆகும். எனக்கு கத்துக்குடுத்தவர் குப்பத்து பெரியவர் ஒருத்தர், அமைப்புல அவருக்கு எந்த பதவியும் கெடையாது, ராத்திரி தூக்கம் வராதுன்னு கூட நடப்பாரு.

இதுல வருத்தமான பக்கமும் இருக்கு, சொல்லாம விட முடியாது. 2025 ஜனவரில இந்த கரை முழுக்க ஆமைங்க செத்து ஒதுங்குச்சு, நூத்துக்கணக்குல. ஆமை மூச்சு விட மேல வந்தாகணும், இழுவலைல மாட்டி மணிக்கணக்கா தண்ணிக்குள்ளயே இழுபட்டா மூச்சு முட்டி செத்துரும். கரைக்கு கிட்ட விசைப்படகு இழுவலை போட கூடாதுன்னு விதி இருக்கு, அத கண்டிப்பா கடைப்புடிக்க வைக்கணும். குப்பத்து சின்ன படகுக்காரங்களுக்கும் இதே பிரச்சனைதான், கரை பக்கத்துல இழுவலை வந்தா அவங்க வலையும் அறுந்து போகுது. அதனால ஆமை சாவுக்கு மீனவங்கதான் காரணம்னு பொத்தாம் பொதுவா யாராவது சொன்னா தயவு செஞ்சு திருத்துங்க, எந்த படகு எந்த வலைன்னு பிரிச்சு பேசணும்.

மேடம் வீடு கடல பாத்த மாதிரி இருந்தா சீசன்ல ராத்திரி பால்கனி லைட்ட அணைச்சிருங்க. குஞ்சுங்க வெளிச்சம் எங்க இருக்கோ அத கடல்னு நினைச்சு ரோட்டு பக்கம் போயிரும். பசங்கள சாயங்காலம் குஞ்சு விடுற நேரத்துக்கு கூட்டிட்டு வாங்க, மார்ச் மாசம் வந்தா கேட்டு வெச்சுக்கங்க.

நொச்சிக்குப்பம் ஸ்கூல் டீச்சர்:

எல்லாரும் பெசன்ட் நகரையே பேசுறீங்க, அப்படியே அடையாறு முகத்துவாரத்த தாண்டி வடக்க வாங்க, சீனிவாசபுரம், பட்டினப்பாக்கம், நொச்சிக்குப்பம், நடுக்குப்பம், அயோத்தியாகுப்பம்னு மெரினா வரைக்கும் வரிசையா ஊர்தான். நான் இங்க பள்ளிக்கூடத்துல வேலை பாக்குறேன், வகுப்புல பாதி புள்ளைங்க கடல் வீட்டு புள்ளைங்க.

நம்ம ஆளுங்க மெரினா மணல்ல உக்காந்து சுண்டல் சாப்பிடுறாங்க, ஆனா அந்த மணலே பாதி துறைமுகம் கட்டுனதால வந்ததுன்னு புள்ளைங்களுக்கு சொன்னா நம்ப மாட்டாங்க. 1870கள்லேர்ந்து துறைமுக சுவர் கடலுக்குள்ள நீட்டி கட்டுனாங்க, தெக்கேர்ந்து வடக்க ஓடுற மணல அது தடுத்துச்சு, தெக்கு பக்கம் மெரினா அகலமாச்சு, வடக்கு பக்கம் ராயபுரம் தாண்டி மணல் போய் சேராம கடல் ஊர தின்னுச்சு. முந்தி கடல் ரோட்டுக்கு ரொம்ப கிட்ட இருந்திருக்கு. 1884ல கவர்னர் கிராண்ட் டஃப் நடைபாதை போட்டு மெரினான்னு பேர் வெச்சாரு, ஆனா அதுக்கும் ரொம்ப முன்னாடியே இந்த குப்பங்க இங்க இருந்துச்சு.

அயோத்தியாகுப்பத்துல மீனவர் குடும்பத்துல 1860ல பொறந்தவர்தான் சிங்காரவேலர். வக்கீலா இருந்தாரு, வீட்டுலயே பெரிய நூலகம் வெச்சிருந்தாரு, 1923 மே 1 அன்னிக்கு இந்தியாவுலயே மொத மே தின கூட்டத்த இந்த கடற்கரையிலதான் நடத்துனாரு, ஹைகோர்ட் எதிர்ல ஒண்ணு திருவல்லிக்கேணி கடற்கரையில ஒண்ணுன்னு ரெண்டு கூட்டம். கலெக்டர் ஆபீசுக்கு சிங்காரவேலர் மாளிகைன்னு பேர் இருக்கு, அங்க மனு குடுக்க போற எங்க புள்ளைங்களோட அப்பா அம்மாவுக்கே அது நம்ம குப்பத்து மனுஷன் பேர்னு பல பேருக்கு தெரியல, அத நான் ஒவ்வொரு வருஷமும் பேரண்ட்ஸ் மீட்டிங்ல சொல்றேன்.

2017 ஜல்லிக்கட்டு போராட்டம் ஞாபகம் இருக்கும். ஜனவரி 23 அன்னிக்கு கலைச்சப்போ பசங்க கடல் பக்கம் ஓடி வந்தாங்க, நடுக்குப்பம் வீடுகள்ல தண்ணி குடுத்து உள்ள உக்கார வெச்சாங்க. அன்னிக்கே நடுக்குப்பம் மீன் மார்க்கெட் எரிஞ்சு போச்சு. கூடை, தராசு, ஐஸ் பெட்டி, எல்லாம் கரிக்கட்டையா கெடந்துச்சு, அத பாத்துட்டு மறுநாள் ஸ்கூலுக்கு வந்த புள்ளைங்க மூஞ்சி எனக்கு மறக்காது.

மீன் வாங்குறதுன்னா இங்கயும் வாங்கம்மா. லூப் ரோட்டுல ரோட்டோரமா வெயில்ல உக்காந்து வித்தவங்களுக்கு மாநகராட்சி 366 கடையோட ஒரு மார்க்கெட் கட்டி 2024ல தொறந்துச்சு. தண்ணி வசதி, ஆயுறதுக்கு எடம் எல்லாம் இருக்கு. ஆனா சில அக்காங்களுக்கு உள்ள உக்காந்தா வண்டில போறவங்க நிறுத்த மாட்டாங்க, ஏவாரம் கொறையுதுன்னு கவலை. ரோட்ட ஒட்டி ஒரே எடத்துல இருபது முப்பது வருஷம் உக்காந்தவங்களுக்கு அந்த எடம்தான் கடை, வாடிக்கை ஆளு அந்த எடத்துக்குதான் வருவான். ரெண்டு பக்கத்துலயும் நியாயம் இருக்குன்னு சொல்லி நழுவ எனக்கு விருப்பமில்ல, என் கட்சி அந்த அக்காங்க கட்சி. வெயிலும் மழையும் படாத எடம் அவங்களுக்கு கண்டிப்பா வேணும், அதே சமயம் யார் எங்க உக்காரணும்னு முடிவு பண்ணும்போது அவங்கள கேட்டு பண்ணணும்.

அப்பறம் மாசி மகம் வரும்போது கட்டாயம் கரைக்கு வாங்க. திருவல்லிக்கேணிலேர்ந்து மயிலாப்பூர்லேர்ந்து சாமி எல்லாம் தீர்த்தவாரிக்கு மெரினாவுக்கு வரும். ஆடி மாசம் குப்பத்துல அம்மனுக்கு கூழ் ஊத்துவாங்க, யார் போனாலும் சொம்பு நெறைய குடுப்பாங்க, மாமியார கூட்டிட்டு போங்க.

நொய்யல்காரி:

இவ்வளவு பேர் இவ்வளவு எழுதுவீங்கன்னு நினைக்கலீங்க, ரொம்ப ரொம்ப நன்றி. எல்லாத்தையும் மாமியாருக்கு சத்தமா படிச்சு காட்டுனேன், அந்த கப்பல்காரர் கதைய கேட்டுட்டு இன்னிக்கு காலைல அங்க போயி ரெண்டு செம்பருத்தி வெச்சுட்டு வந்தாங்க.

நானும் ஊரூர் பையன் தம்பி சொன்ன மாதிரி வலை பின்னுற பெரியவர் பக்கத்துல போயி உக்காந்தேனுங்க. கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல. அப்பறம் அவரே எந்த ஊருன்னு கேட்டாரு, கோயமுத்தூர்னதும் அங்க என்ன மீன் கெடைக்கும்னு கேட்டாரு, ஆத்து மீன் டேம் மீன்தானுங்கன்னேன், ஜிலேபி மீனான்னு கேட்டுட்டு தலைய ஆட்டுனாரு பாருங்க, பாவம்னு நினைச்சிருப்பாரு. வலை ஊசிய கையில குடுத்து ஒரு கண்ணி போட சொன்னாரு, போட்டேன், அத அப்படியே பிரிச்சுட்டு மறுபடி காமிச்சாரு. கண்ணி எல்லாம் ஒரே அளவு வரணுமாம், ஒண்ணு பெருசா போனா அந்த வழியா மீன் போயிருமாம், விரல வெச்சே அளவு பாக்குறாரு.

இன்னும் ஒரு சந்தேகமுங்க. ஏப்ரல்ல மீன்பிடி தடைன்னு சொல்றாங்களே, அப்ப இந்த குப்பத்து படகுங்களும் போகாதா? அந்த ரெண்டு மாசம் இவங்க எல்லாம் என்னதான் பண்ணுவாங்க?

ஊரூர் பையன்:

அக்கா தடை பெரிய விசைப்படகுக்குதான், காசிமேடு துறைமுகத்துல நிக்குதே அந்த மாதிரி பெரிய படகு. ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள், மீன் குஞ்சு பொரிக்கிற காலம்னு. எங்க மாதிரி சின்ன ஃபைபர் படகு, கட்டுமரம் எல்லாம் போலாம். அதனால அந்த ரெண்டு மாசம் எங்க கரை மீனுக்கு கிராக்கி ஜாஸ்தி, வெலையும் ஏறும், ஆனா நாங்க ரொம்ப தூரம் போறதில்ல, வர்றது கொஞ்சம்தான். வஞ்சிரம் எல்லாம் அப்போ கேக்கவே வேணாம். நீங்க கவலையும் கெழங்காவும் சாப்ட பழகிக்குங்க, வெலையும் கட்டுப்படி ஆவும் ருசியும் கொறையாது. காலைல ஏழு மணிக்குள்ள வந்துருங்க, அதுக்கு மேல வந்தா ஓட்டல்காரங்க அள்ளினு போயிருப்பாங்க. நைனா கிட்ட நான் சொல்லி வெக்கிறேன், கோயமுத்தூர் அக்கான்னு சொல்லுங்க போதும்.